கிட்டில் பழசையும் புதுசையும் ஒப்பிடுவது எப்படி? பஸ் நிறுத்தங்களோடு ஒரு பயிற்சி

தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். அதனால் பயிற்சிக்கும் அந்த ரூட்தான். ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்தான் கிட். அதை இன்ஸ்டால் செய்து, ஆட் (மாற்றத்தைப் பதிவுக்கு எடுத்து வைப்பது), கமிட் (பதிவு செய்வது) வரை பழகியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தட்டுங்கள். கடைசி கமிட்டைக் குறிக்கும் ஹெட் மட்டும் பெரிய எழுத்து.

முதலில் 'நிறுத்தம்' என்று ஒரு ஃபைல். வரிக்கு ஒன்றாக ஐந்து பெயர்கள்: புதுச்சேரி, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியகோயில், கடலூர். கமிட் செய்யுங்கள்.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. கிருமாம்பாக்கத்தைக் காணோம், கன்னியக்கோயிலில் 'க்' விடுபட்டுவிட்டது. இரண்டையும் திருத்தி, சேவ் மட்டும் செய்துவிட்டு, கிட் டிஃப் கொடுங்கள். தலைப்பு வரிகளுக்குக் கீழே இப்படி வரும்:

@@ -1,5 +1,6 @@
 புதுச்சேரி
 அரியாங்குப்பம்
 தவளக்குப்பம்
-கன்னியகோயில்
+கிருமாம்பாக்கம்
+கன்னியக்கோயில்
 கடலூர்

மைனஸ் போனது, பிளஸ் வந்தது. குறி இல்லாத வரிகள் இடம் தெரிவதற்காக. மேலே உள்ள எண்களைப் பார்த்து மிரள வேண்டாம்: பழைய ஃபைலில் 1ஆம் வரியிலிருந்து 5 வரிகள், புதியதில் 1ஆம் வரியிலிருந்து 6 வரிகள், அவ்வளவுதான். ஒரே ஒரு 'க்' சேர்த்ததற்கு முழு வரியும் போய் வந்திருக்கிறது, பாருங்கள். கிட் வரிக் கணக்கில்தான் ஒப்பிடும். நீளமான பட்டியல் என்றால் திரை அப்படியே நின்றுவிடும். வெளியே வர க்யூ அழுத்துங்கள்.

அடுத்து கிட் ஆட் கொடுத்துவிட்டு மறுபடி கிட் டிஃப் போடுங்கள். ஒன்றுமே வராது! முதல் தடவை இதைப் பார்த்தபோது செய்த வேலை எல்லாம் போச்சு என்று ஃபைலைத் திறந்து திறந்து பார்த்தேன். எதுவும் போகவில்லை. கையில் இருக்கும் ஃபைல், ஸ்டேஜிங் (ஆட் செய்தவை கமிட்டுக்குக் காத்திருக்கும் இடம்), கடைசி கமிட் என்று மூன்று இடங்கள் உண்டு. வெறும் கிட் டிஃப் முதல் இரண்டைத்தான் ஒப்பிடும். ஆட் செய்ததும் அவை ஒன்றாகிவிடுகின்றன. கிட் டிஃப் --ஸ்டேஜ்டு கொடுத்தால் ஸ்டேஜிங்கும் கடைசி கமிட்டும் ஒப்பிடப்படும். கமிட்டுக்கு முன் நான் தவறாமல் பார்ப்பது இதைத்தான். கையில் இருப்பதைக் கடைசி கமிட்டோடு நேராக ஒப்பிட கிட் டிஃப் ஹெட்.

சரி, கமிட் செய்தாயிற்று. இனி பழைய கமிட்டுகள். கிட் லாக் --ஒன்லைன் கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் ஒரு குட்டிக் குறியீடு தெரியும். கிட் டிஃப் என்று தட்டி, பழையதன் குறியீடு, அப்புறம் புதியதன் குறியீடு. வரிசை மாறினால் பிளஸ் மைனஸாகிவிடும். கிருமாம்பாக்கத்தை நீங்களே நீக்கியது போலத் தெரியும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு சங்கதி. தலைப்பு வரியில் 'நிறுத்தம்' என்பதற்குப் பதில் \340\256\250 என்று எண்களாகக் கொட்டும். கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.க்வோட்பாத் ஃபால்ஸ் என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் பெயர் தமிழிலேயே வரும். இன்னொன்று, பத்தி பத்தியாக எழுதும் கட்டுரைகளில் ஒரு சொல் மாறினாலும் பத்தி முழுக்க மைனஸாகவும் பிளஸாகவும் வந்துவிடும். அங்கே கிட் டிஃப் --வேர்ட்-டிஃப் போடுங்கள். மாறிய சொல் மட்டும் அடைப்புக்குறிக்குள் தனியே தெரியும்.