வாலைக் கனமாக்காதீர்கள்: முதல் ஆர்சி போர் விமானம் கட்டிப் பறக்கவிட

ஆர்சி, அதாவது ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் பயிற்சி விமான மாடல் ஒன்றை நன்றாக ஓட்டப் பழகியதும் எல்லோருக்கும் வரும் அடுத்த ஆசை இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்றின் மாடல்: ஒரு ஸ்பிட்ஃபயர், இல்லையென்றால் ஒரு மஸ்டாங். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் பயிற்சி விமானம் டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை விட்டதும் தானாக நிமிர்ந்துகொள்ளும், போர் விமானம் சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். எடையோடு பார்த்தால் அதன் இறக்கை சின்னது, அதனால் வேகம் குறைந்தால் சட்டென்று ஒரு பக்க இறக்கை விழுந்துவிடும். எனவே இடைப்படியாக, எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) உள்ள, இறக்கை கீழே அமைந்த சாதாரண மாடல் ஒன்றைச் சில மாதம் பறக்கவிட்ட பிறகு இதற்கு வாருங்கள்.

எந்த விமானம் என்பதைச் சக்கரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்பிட்ஃபயர், மெசர்ஷ்மிட் 109 இரண்டுக்கும் கால்கள் உடலை ஒட்டி நெருக்கமாக இருக்கும், மாடலிலும் அப்படியே வருவதால் தரையில் ஓடும்போது சாய்ந்து இறக்கை முனை உரசும். மஸ்டாங்குக்கும் ஹரிக்கேனுக்கும் சக்கரங்கள் உள்நோக்கி மடங்குவதால் கால்கள் அகலமாக நிற்கும். எல்லாவற்றையும்விட எளிது டி-28 ட்ரோஜன். மூக்குச் சக்கரம் இருப்பதால் நேராக ஓடும், பார்க்கவும் போர் விமானக் களை குறையாது. முதல் மாடலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஸ்பிட்ஃபயரேதான் வேண்டும் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். அதன் நீள்வட்ட இறக்கை முனையில் குறுகிப்போவதால் மாடலில் முனைதான் முதலில் ஸ்டால் ஆக, அதாவது தூக்கும் விசையை இழக்கப் பார்க்கும். நிஜ விமானத்தில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் 2 டிகிரி மேல்நோக்கியும் முனையில் அரை டிகிரி கீழ்நோக்கியும் இருக்கும்படி முறுக்கியிருந்தார்கள். மாடலின் வரைபடத்தில் அந்த முறுக்கு காட்டப்பட்டிருந்தால் அதை அப்படியே கட்டுங்கள், "நேராக இருந்தால்தான் அழகு" என்று சரிசெய்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் முறுக்கு ஒரே அளவாக இருக்க வேண்டும்.

சரி, கட்டுமானம். முழுக் கவனமும் இங்கே ஒரே ஒரு விஷயத்தில் இருக்கட்டும், அது வாலின் எடை. இறக்கையிலிருந்து வால் ரொம்பத் தூரம், மூக்கோ கிட்டத்தில். அதனால் வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் கிட்டத்தட்ட மூன்று கிராம் வைக்க வேண்டிவரும். நிஜ விமானத்தில் அந்தக் குட்டை மூக்குக்குள் பெரிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது, நம் மின் மோட்டாருக்கு அந்தக் கனம் இல்லை. ஜீரோ, தண்டர்போல்ட் மாதிரி குட்டை மூக்கு மாடல்களில் இது இன்னும் மோசம். என் முதல் ஜீரோவில் வால் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கெட்டியான பால்சா மரமும் தாராளமாக எபாக்ஸி பசையும் போட்டேன், கடைசியில் மூக்கில் ஈயம் அடைத்து அடைத்து விமானம் கல்லாகிப் போனது. பால்சாப் பலகைகளை முதலிலேயே எடை போட்டுப் பிரித்து வையுங்கள். கெட்டியானது இறக்கையின் நடுச்சட்டத்துக்கு, லேசானது வாலுக்கு. வால் சர்வோக்களை (வால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்களை) முடிந்தவரை முன்னே தள்ளி வையுங்கள்.

பசையில் குழப்பம் வேண்டாம். சின்னச் சட்டங்களுக்குச் சயனோ பசை, நீளமான இணைப்புகளுக்குத் தேய்க்க எளிதான மரப்பசை. மோட்டார் தாங்கும் பலகைக்கும் லேண்டிங் கியர் (சக்கரக் கால்) பிடிக்கும் கட்டைக்கும் மட்டும் 30 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி. அந்தக் கட்டைதான் முதலில் பிய்ந்து வரும் இடம், அங்கே கண்ணாடியிழைத் துணி ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள்.

விமான எடையில் கிலோவுக்கு 250 முதல் 330 வாட் மோட்டார் தந்தால் போதும். வாட் மீட்டர் வைத்து முழு த்ராட்டிலில் (மோட்டார் முழு வேகத்தில்) பாருங்கள், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தாங்கும் மின்னோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். மற்ற எல்லாச் சோதனையும் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான்.

அடுத்து ஈர்ப்பு மையம். வரைபடத்தில் குறி இருந்தால் அதுதான் கணக்கு, இல்லையென்றால் இறக்கையின் சராசரி அகலத்தில் முன் விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் தொடங்குங்கள். பேட்டரியோடு, தலைகீழாகத் திருப்பி இரண்டு விரலில் தூக்கிப் பாருங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பயமில்லை. வால் தாழ்ந்தால் அந்த விமானம் களத்துக்குப் போகவே கூடாது. கோர்சேர், வார்ஹாக் போன்றவற்றில் சக்கரம் பின்னோக்கி மடங்கும்போது மையமும் பின்னே நகரும், அதனால் சக்கரத்தை மடக்கி வைத்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எய்லரான் திசையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்: ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே போக வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் 30 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) வையுங்கள். சிக்னல் போனால் த்ராட்டில் அணையும்படி ஃபெயில்சேஃப் போட்டு, ரேஞ்ச் (சிக்னல் எட்டும் தூரம்) சோதனையும் செய்துவிடுங்கள்.

பறக்கவிடும் நாள் காற்று குறைவாக இருக்கட்டும். உங்கள் நாட்டு விதி அனுமதிக்கிற திறந்த வெளி, பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர், டைமரில் 4 நிமிடம். வால் சக்கர மாடலென்றால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) இழுத்துப் பிடித்தபடி த்ராட்டிலை மூன்று நான்கு நொடியில் மெதுவாக ஏற்றுங்கள். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வால் எழும் அந்த நொடியில் இன்னும் கொஞ்சம் இழுக்கும், வலது ரடர் (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் மடல்) தயாராக இருக்கட்டும். சக்கரம் தரையை விட்டதும் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். தாழ்வாகவே வேகம் பிடிக்கவிட்டு, அப்புறம் சாய்வாக ஏற்றுங்கள்.

80 மீட்டர் உயரம் வந்ததும் ட்ரிம் போடுங்கள், அதாவது ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி டிரான்ஸ்மிட்டரில் சின்னத் திருத்தம் செய்யுங்கள். பிறகு த்ராட்டிலைக் குறைத்து மூக்கைத் தூக்கி, விமானம் எந்த வேகத்தில் விழுகிறது, எந்த இறக்கை முதலில் சாய்கிறது என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். நிஜக் கோர்சேருக்கே இடது இறக்கை முந்தி விழும் பழக்கம் இருந்தது, வலது இறக்கையின் முன் விளிம்பில் சின்னப் பட்டை ஒன்று பொருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். ஃபிளாப்பையும் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடலையும்) இதே உயரத்தில் இறக்கிப் பாருங்கள், மூக்கு எழுகிறதா தாழ்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

இறங்கும்போதுதான் நிறைய மாடல்கள் உடைகின்றன, அதுவும் தரையில் இல்லை, ஓடுபாதையை நோக்கித் திரும்பும் அந்தக் கடைசி வளைவில். வேகம் குறைந்திருக்கும், பாதையைத் தாண்டிவிடுவோமோ என்று கை எலிவேட்டரை இழுக்கும், உள் இறக்கை விழுந்துவிடும். வளைவை அகலமாக எடுங்கள், கொஞ்சம் த்ராட்டில் விட்டே வாருங்கள், சக்கரம் தரையைத் தொடும்வரை அதை முழுதாக மூடாதீர்கள். சரியாக வரவில்லையா, திரும்ப ஏறிவிடுங்கள். ஆனால் அப்போதும் த்ராட்டிலை மெதுவாகத்தான் திறக்க வேண்டும், மெதுவான வேகத்தில் ஒரேயடியாகத் திறந்தால் மோட்டாரின் முறுக்குவிசை விமானத்தை இடப்பக்கம் புரட்டிவிடும்.

இறங்கியதும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டார் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். காற்றில் போட்ட ட்ரிம் எவ்வளவோ அந்த அளவுக்கு, சர்வோவிலிருந்து மடலுக்குப் போகும் கம்பியின் நீளத்தை மாற்றி, டிரான்ஸ்மிட்டரில் ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த பேட்டரியைப் போடுங்கள்.