ஒரே பிரட்டு, வேறு வேறு சம்பள விதி: தோட்ட ஆட்களைக் குழுவாகப் பிரிப்பது எப்படி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் எல்லோரும் ஒரே கூட்டமாகத்தான் தெரிவார்கள். குலை வெட்டுபவர், உதிரி பொறுக்குபவர், மருந்தடிப்பவர், டிராக்டர் ஓட்டுநர், வாட்ச்மேன் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடக் கூப்பிட, ஆபீஸ் எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே போவார். மாதக் கடைசியில் அதே செக்ரோலை வைத்துச் சம்பளம் போடும்போதுதான் கை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு இரண்டு நாள் கூலி, இன்னொருவருக்கு மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் கூலி. இரண்டு கணக்குமே சரியாக இருக்கலாம். ஏன் சரி என்று கேட்டால், பதில் சொல்லும் தாள் ஆபீசில் இருக்க வேண்டும்.

நான் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தவள். இப்போது பகாவில் இருந்தபடி சின்னத் தோட்டங்களுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வந்து "அக்கா, இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இதுதான். மண்டோரின் கும்பல் வேறு, சம்பளக் குழு வேறு. கும்பல் அன்றைய வேலையைப் பார்த்து அமைவது. சம்பளக் குழு, அந்த ஆள் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறார் என்பதைப் பார்த்து அமைவது. இரண்டையும் ஒன்றாக்கினால் யாரோ ஒருவருக்குக் கூலி குறையும். பெரும்பாலும் அது வாய் திறந்து கேட்காத ஆளாக இருக்கும்.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் தாள்களை மேசையில் பரப்புங்கள். வேலை நியமனக் கடிதங்கள், சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தம், காண்ட்ராக்டர்களோடு தோட்டம் போட்ட ஒப்பந்தம், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட் நகல்கள் எல்லாம் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. தாள் இல்லாத ஆள் இருந்தால் அவரை எந்தக் குழுவிலும் போட்டு மூடிவிடாதீர்கள். தனியாகப் பெயர் எழுதி, மேனேஜரிடம் கொண்டுபோய், முதலில் அந்தத் தாளை எழுத வையுங்கள்.

அப்புறம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவருக்கு முதலாளி யார்? தோட்டமா, காண்ட்ராக்டரா?

இங்கே அவசரப்படக் கூடாது. காண்ட்ராக்டரின் ஆட்கள் தோட்டத்துச் செக்ரோலில் வர மாட்டார்கள், அவர்களுடைய பதிவேட்டைக் காண்ட்ராக்டர்தான் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் அவர்கள் பெயர்ப்பட்டியல் ஒன்று உங்கள் ஆபீசிலும் இருக்கட்டும். காரணம் வேலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. காண்ட்ராக்டர் தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டால், வேலையைக் கொடுத்த தோட்டமும் சேர்ந்து பொறுப்பாகிறது. தொடர்ந்தாற்போல் மூன்று மாதச் சம்பளம் வரைதான் அந்தப் பொறுப்பு. சம்பளம் கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழிலாளி வழக்கைத் தொடங்க வேண்டும். இந்தத் 90 நாள் கணக்கு தெரியாமலே பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காண்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும், கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

ஆட்களைத் திரட்டி அனுப்பும் காண்ட்ராக்டர் தொழிலாளர் இலாகாவில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவின் நகலையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இன்னொன்று: 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலையையும் நேரத்தையும் யார் கட்டுப்படுத்துகிறார், சாமான் யார் கொடுக்கிறார் என்பதையெல்லாம் வைத்து யார் முதலாளி என்று அனுமானிக்கலாம். உங்கள் மண்டோரே வேலை பிரித்துக் கொடுத்து, உங்கள் ஸ்டோரிலிருந்தே மருந்தும் பம்பும் போகிறது, காண்ட்ராக்டர் தாளும் இல்லை என்றால், அந்த ஆள் "காண்ட்ராக்ட் ஆள்" என்று வாயால் சொல்வது மட்டும் போதாது.

இரண்டாவது கேள்வி: தோட்டத்தின் சொந்த ஆள் என்றால், எந்த ஒப்பந்தம்? தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாப்பாவில் அங்கத்தினராக இருக்கும் தோட்டம், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும். அந்தச் சங்கம் 1954இல் உருவானது. ஒப்பந்தத்தின் முதல் பக்கங்களில் யார் யாருக்கு இது பொருந்தும் என்ற பகுதி இருக்கும். கூலி அட்டவணைக்குத் தாவாமல் அதை இரண்டு முறை படியுங்கள். "சங்கத்தில் சேராதவருக்கு இது கிடையாது" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி, தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம், அதன் வரம்புக்குள் வரும் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். சந்தா கட்டாதவர், போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவர், நேப்பாளத்திலிருந்து வந்தவர் எல்லோரும் அதில் அடங்குவர். கிராணிகள் போன்ற ஆபீஸ் சிப்பந்திகளின் ஒப்பந்தம் வேறு, அவர்களுக்குத் தனிக் குழு. எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் வராதவருக்கு அவருடைய நியமனக் கடிதமும் வேலைச் சட்டமும்தான் விதி. கடிதத்தில் உள்ளது சட்டத்தைவிடக் குறைவாக இருந்தால் சட்டத்தில் உள்ளதே செல்லும்.

மூன்றாவது, சம்பளம் எப்படிக் கணக்காகிறது: மாதமா, நாளா, டன்னா? குழுக்கள் உண்மையில் பிரிவது இங்கேதான். ஓய்வு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கூலி 80 ரிங்கிட் வாங்குபவர் ஓய்வு நாளில் முழு நாளும் வேலை பார்த்தால் 160 ரிங்கிட். அரை நாள் அல்லது அதற்குக் குறைவு என்றால் 80. மாதம் 2,080 ரிங்கிட் வாங்கும் டிராக்டர் ஓட்டுநருக்கு, சட்டக் கணக்குப்படி 26ஆல் வகுத்தால் அதே 80தான் வரும். ஆனால் அவருக்கு முழு ஓய்வு நாள் வேலைக்கு 80, அரை நாளுக்கு 40. ஓய்வு நாளுக்கான கூலி அவருடைய மாதச் சம்பளத்திலேயே இருப்பதால் இந்த வித்தியாசம். டன் கணக்கில் வெட்டுபவருக்கு அன்றைய வீதம் இரட்டிப்பாகும். இவை சட்டம் வைத்த அடிமட்டம், கூட்டு ஒப்பந்தம் இதற்கு மேல் கொடுத்தால் அதைத்தான் எழுத வேண்டும்.

ஓவர்டைமும் அப்படியே. அந்த ஓட்டுநரின் ஒப்பந்தத்தில் நாள் வேலை எட்டு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 10 ரிங்கிட். சாதாரண நாளில் கூடுதல் மணிக்கு 15, ஓய்வு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் 20, பொது விடுமுறையில் 30. வாரத்துக்கு 45 மணிதான் இப்போது உச்சவரம்பு, 2023க்கு முன் அது 48. பழைய செக்ரோல் சாப்ட்வேரில் இன்னும் 48 என்றே கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படிக் கிடந்தால் வாரம் மூன்று மணி ஓவர்டைம் சத்தமில்லாமல் காணாமல் போகும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் ஓவர்டைம் இல்லை என்று சிலர் எல்லோருக்கும் நிறுத்திவிடுகிறார்கள். உடலுழைப்பு வேலை செய்பவருக்கும், அவர்களை மேற்பார்க்கும் மண்டோருக்கும், வாகனம் ஓட்டுபவருக்கும் அந்த வரம்பு பொருந்தாது. நல்ல சீசனில் 4,000ஐத் தாண்டும் வெட்டுக்காரருக்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

நாள் கூலி ஆட்களுக்கு இன்னொரு விதி உண்டு. வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தோட்டத்தில் நாள் கணக்கில் கூலி வாங்குபவருக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்கச் சொல்கிறது. அவர் ஆயத்தமாக இருந்தும் தோட்டம் கொடுக்கவில்லை என்றால் குறைந்த நாளுக்கும் கூலி உண்டு. நாள் கூலிக் குழுவின் தாளில் இதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

டன் கணக்கு ஆட்களுக்குப் பொது விடுமுறைக் கூலி போடத் தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள். முந்தைய மாதச் சம்பளத்தை எடுங்கள். ஓய்வு நாளிலும் விடுமுறையிலும் செய்த வேலைக்கான பணத்தையும் அந்த நாட்களையும் கழித்துவிட்டு, மீதிப் பணத்தை உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். 24 நாளில் 2,400 ரிங்கிட் வெட்டியவருக்கு ஒரு நாள் 100. மாதக் கடைசியில் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். டன் கணக்கு ஆட்களுக்கும் மாதச் சம்பளம் அதற்குக் கீழே போகக் கூடாது. குலை குறைந்த மாதங்களில் இந்தச் சோதனை இல்லாமல் சம்பளத்தை மூடாதீர்கள்.

நான்காவது, எந்த மாநிலம்? பகாவிலிருந்து எல்லை தாண்டி பகாங்கின் பெரா பக்கம் ஆட்களை அனுப்புபவர்கள் உண்டு. கட்டாயப் பொது விடுமுறைகள் ஐந்தில் ஒன்று, தொழிலாளி முழுவதுமாகவோ பெரும்பாலுமோ வேலை செய்யும் மாநிலத்து ஆட்சியாளரின் பிறந்தநாள். நெகிரி செம்பிலானில் அது ஜனவரி 14, பொங்கலை ஒட்டி வருகிறது. பகாங்கில் அந்த நாள் வேறு. ஆகவே பெராவில் நிலையாக வேலை செய்யும் கும்பலுக்குத் தனிக் குழு போடுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் போய் வருபவரை மாற்ற வேண்டாம்.

நாட்டை வைத்துக் குழு பிரிக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். கூலி, ஓய்வு நாள், ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே விதி. வேறுபடுவது பிடித்தம் மட்டும்தான். வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து சேமநிதி இரு தரப்பிலும் 2 விழுக்காடு, வேலை காப்புறுதித் திட்டம் உள்நாட்டவருக்கு மட்டும். அதைத் தனியாளின் விவரத்தில் குறித்தால் போதும். வங்காளதேசப் பையன்களைத் தனிக் குழுவாக வைத்த ஒரு தோட்டத்தில், கூலி உயர்வு வந்தபோது மற்றக் குழுக்களில் மாற்றிவிட்டு அந்தக் குழுவை மட்டும் விட்டுவிட்டார்கள். தனியாக வைத்தால் மறப்பது சுலபம்.

இத்தனை கேள்விக்கும் பதில் ஒரே மாதிரி வருபவர்களெல்லாம் ஒரே குழு. ஒரு நடுத்தரத் தோட்டத்துக்கு நாலைந்து குழு வரும். பத்துக்கு மேல் போனால் எங்கேயோ வேலையை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். குழுவுக்கு ஒரு பக்கத் தாள் எழுதுங்கள்: எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி முதல், சம்பளக் கணக்கு, ஓய்வு நாள், ஓவர்டைம், விடுமுறை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒப்பந்தத்தின் எந்த உட்பிரிவு என்று எண் போடுங்கள். எண் போட முடியாத விதி, யாரோ வாய்வழியாகச் சொன்ன விதி.

தேதி ஏன் முக்கியம் என்றால், கூட்டு ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் போடப்படுவது. பழையது முடிந்து, பேச்சுவார்த்தை இழுத்து, புதியது வரும்போது பின்தேதியிட்டுக் கூலி உயர்ந்தால் நிலுவை கணக்குப் பார்க்க வேண்டும். பழைய குழுவின் மேலேயே புதுக் கூலியை அடித்து எழுதிவிட்டால் நிலுவையைக் கண்டுபிடிக்க வழியில்லை. பழையதை முடிவுத் தேதியோடு நிறுத்திவிட்டு, புதிய தேதியோடு இன்னொன்று திறவுங்கள்.

ஆள் குழு மாறும்போதும் இதே கவனம் வேண்டும். இடுப்பு வலியால் குலை வெட்ட முடியாமல் வாட்ச்மேனாகப் போகிறவருக்குச் சம்பளக் கணக்கு மாறும், வேலைக்குச் சேர்ந்த தேதி மாறாது. ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுக்குள் 8 நாள், ஐந்து ஆண்டு வரை 12, அதற்கு மேல் 16. சேர்ந்த தேதியைப் புதிதாகப் போட்டால் இருபது வருஷம் உழைத்த மனிதர் 8 நாளில் வந்து நிற்பார். மாற்றத்தைக் கூடுமானவரை மாதத்தின் முதல் நாளில் செய்யுங்கள், அவர் கையெழுத்தோடு.

எல்லாம் ஆனதும் குழுவுக்கு ஒருவர் வீதம் எடுத்து, போன மாதச் சம்பளத்தைக் கால்குலேட்டரில் கையால் போட்டு ஒப்பிடுங்கள். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் வேலை பார்த்த ஆளாகத் தேர்ந்தெடுத்தால்தான் தவறு வெளியே வரும். சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கைக்குப் போக வேண்டும் என்பதால், இந்த ஒத்திகையைச் சம்பள வாரத்தில் வைக்காமல் மாத நடுவில் செய்யுங்கள். பிறகு மண்டோர்களை உட்கார வைத்து அவரவர் ஆட்கள் எந்தக் குழு என்று காட்டுங்கள். ஆட்கள் கேட்பது முதலில் அவர்களிடம்தான். குழுத் தாள்களையும் செக்ரோலையும் ஆறு ஆண்டுக்குக் குறையாமல் பத்திரப்படுத்துங்கள். காலாவதியான குழுவின் தாளும் அதில் சேரும்.