மாலத்தீவில் தீவு விட்டுத் தீவு: சொகுசுப் பயணத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவுக்கு ஒரு வார விடுமுறையில் செல்பவர்கள், இவ்வளவு செலவு செய்து போகும்போது ஒரே ரிசார்ட்டில் அடைந்து கிடக்காமல் இரண்டு மூன்று தீவுகளையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அதற்கான திட்டத்தைப் பெரும்பாலோர் அறையின் புகைப்படத்திலிருந்து தொடங்குகிறார்கள். கடல்மேல் கட்டிய வில்லாவையும் அதன் நீச்சல் குளத்தையும் பார்த்து முன்பணம் கட்டிய பிறகே, அந்தத் தீவுக்கு எப்படிப் போவது, அங்கிருந்து அடுத்த தீவுக்கு எப்படி மாறுவது என்று யோசிக்கிறார்கள். இந்த நாட்டைப் பொறுத்தவரை அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியாக வேண்டும்.

காரணம் நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள், அட்டோல் எனப்படும் 26 வளையக் கூட்டங்களாக, வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றன. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே இங்கு பெரும்பாலான இடங்களில் வழக்கம். ரிசார்ட்டுகளுக்கான போக்குவரத்து பெரும்பாலும் தலைநகர் மாலேயை ஒட்டிய வேலானா விமான நிலையத்தை நடுவாகக் கொண்டு இயங்குவதால், ஒரு ரிசார்ட்டிலிருந்து வேறு அட்டோலில் உள்ள இன்னொன்றுக்கு நேரடி வழி அரிதாகவே கிடைக்கும். பா அட்டோலும் அரி அட்டோலும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றினாலும், பெரும்பாலும் மாலேவுக்குத் திரும்பி, காத்திருந்து, நீரில் இறங்கும் கடல் விமானம் வேறொன்றில் ஏறியே போக வேண்டியிருக்கும். காலையில் ஓர் அறையைக் காலி செய்து, பிற்பகலில் மற்றோர் அறையின் சாவியை வாங்குவதற்குள் பகல் பொழுதின் பெரும்பகுதி போய்விடும்.

ஆகவே ஏழு இரவுகளுக்கு இரண்டு ரிசார்ட்டுகளே போதும் என்பேன். மூன்று என்பது பெட்டி கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் பணம் கொடுப்பதாகவே முடியும். அந்த இரண்டையும் ஒரே அட்டோலுக்குள் தேர்ந்தெடுத்தால் இடையில் விரைவுப் படகே போதுமானதாக இருக்கலாம். இல்லையென்றால், தொலைவிலுள்ள தீவை முதலிலும், வட மாலே அல்லது தென் மாலே அட்டோலில் படகில் எட்டக்கூடிய தீவைக் கடைசியிலும் வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும் நாளில் வானிலை கெட்டாலும் ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிடும் அபாயம் அப்போது குறைவு. நாளொரு தீவாகப் பார்ப்பதுதான் உண்மையான ஆசை என்றால், அதற்கு ஏற்றது ரிசார்ட் அல்ல, தங்கும் வசதியுள்ள சஃபாரி படகு. பெரிய படுக்கையறைகளும் சமையற்காரரும் கொண்ட சொகுசுப் படகுகள் தனிக் குடும்பங்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கின்றன.

கடல் விமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமான திட்டங்கள் இங்கேதான் உடைகின்றன. ட்வின் ஆட்டர் என்னும் இந்தச் சிறு விமானங்கள் ஏறத்தாழ 15 பேரை ஏற்றிக்கொண்டு, விமானி கடலைக் கண்ணால் பார்த்தே இறங்கும் முறையில் பறப்பவை என்பதால், பகல் வெளிச்சத்தில் மட்டுமே இயங்கும். உங்கள் பன்னாட்டு விமானம் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு மாலேயில் இறங்குமானால், அன்று கடல் விமானம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. மாலேயிலோ, விமான நிலையத்தை அடுத்துள்ள ஹுல்ஹுமாலே தீவிலோ ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். அதே இரவுக்கு ரிசார்ட்டிலும் பணம் கட்டியிருந்தால் அது வீண். அதிகாலையில் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இதே சிக்கல் உண்டு. மேலும், கடல் விமானம் புறப்படும் நேரம் பொதுவாக முந்தைய மாலையில்தான் உறுதியாகும், வழியில் வேறு ரிசார்ட்டுகளிலும் அது இறங்கிப் போகலாம். எனவே தீவு மாறும் நாளில் மதிய விருந்து, ஸ்பா என்று எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்.

பெட்டியின் எடைக்கும் வரம்பு உண்டு. பொதுவாக ஒருவருக்கு 20 கிலோ, கைப்பையில் 5 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கட்டணம். வெறுங்காலுடன் இருக்கும் விமானி, நீர்ப்பரப்பில் மிதக்கும் ஒரு சிறு மரமேடையின் அருகில் விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்துவார். ரிசார்ட்டின் படகு வந்து பயணிகளை ஏற்றிக்கொள்ளும். அந்த ஆடும் மேடையில் இறங்கி நிற்பதற்குக் குதிகால் செருப்பும் கெட்டியான பெரிய பெட்டியும் ஒத்துவராது. இரவில் வந்து சேர்வதைத் தவிர்க்க முடியாதவர்கள், மாலேயிலிருந்து விரைவுப் படகில் எட்டக்கூடிய தீவையோ, தரை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தீவையோ தேர்ந்தெடுக்கலாம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அட்டு அட்டோலில் இருக்கும் கன் அத்தகைய விமான நிலையம்தான்.

அடுத்தது விலை. விளம்பரத்தில் காட்டும் தொகைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், இரண்டும் சேர்ந்த தொகையின் மீது சுற்றுலாப் பொருள் சேவை வரியும் விழும். அந்த வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். ஆக, 1,000 டாலர் என்று பார்த்த அறை 1,287 டாலராகிறது. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரியும் உண்டு. இருவர் ஏழு இரவு தங்கினால் அதுவே 168 டாலர். கடல் விமானத்தில் போய்வரும் கட்டணம் பெரும்பாலும் தலைக்கு 400 டாலரைத் தாண்டும், தீவை மாற்றும்போது இன்னொரு முறை அது சேரும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் விருந்துக் கட்டணத்தைப் பல ரிசார்ட்டுகள் கட்டாயமாக்குகின்றன. எல்லாம் சேர்த்த இறுதித் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிட வேண்டும்.

பருவத்தை மழைக்கணக்காக மட்டும் பார்ப்பதும் தவறு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் அமைதியாக இருக்கும், விலை உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை உயர்ந்து, நீண்ட படகுப் பயணம் குழந்தைகளையும் முதியவர்களையும் வாட்டிவிடும். ஆனால் பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மிதவை உயிரிகளை உண்ண மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவது இந்த மழைக்காலத்தில்தான். பா அட்டோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஹனிஃபாருவில் ஆழ்முக்குளிப்புக்கு அனுமதி இல்லை, முகமூடியும் சுவாசக் குழாயும் அணிந்து மேலே நீந்தியபடியே பார்க்க வேண்டும். திருக்கைக்காகவே போகிறவர் பிப்ரவரியில் போய் ஏமாறக் கூடாது.

பவளப்பாறையை நினைத்துப் போகிறவர்கள், தீவின் கரையிலிருந்தே நீந்திப் பார்க்கும் தூரத்தில் பாறை உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். மணல் திட்டை நிரப்பி உருவாக்கிய சில ரிசார்ட்டுகளில் பால் கலந்தது போன்ற வெளிர்நீல நீர் இருக்கும், மீன் இருக்காது. 1998லும் 2016லும் கடல் வெப்பமேறிப் பவளங்கள் பெருமளவில் வெளிறிய நாடு இது என்பதால், பழைய படங்களை நம்பாமல் அண்மையில் போய்வந்தவர்களின் கருத்தைப் படியுங்கள். கடல்மேல் வில்லாவில் சிறு குழந்தைகளை அனுமதிக்காத ரிசார்ட்டுகளும் உண்டு, குடும்பத்துக்குக் கரை வில்லாவே நிம்மதி.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மதுவையும் பன்றி இறைச்சியையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் தடை உண்டு, ஆகவே பெட்டியில் சிறு பிள்ளையார் சிலையை வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. மது ரிசார்ட்டுகளில் கிடைக்கும், மக்கள் வாழும் தீவுகளில் கிடைக்காது. அங்கே ஊருக்குள் நடக்கும்போது தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை தேவை. சைவ உணவுக்காரர்கள் முட்டை, மீன் குழம்புச் சேர்மானம் உட்பட எதெல்லாம் ஆகாது என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். காய்கறியில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வரும் இடத்தில், அன்றைக்குச் சொன்னால் சமையற்கூடத்தால் செய்யக்கூடியது குறைவு.

ஆழ்முக்குளிப்பு செய்பவர்கள், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். பல முக்குளிப்பு மையங்கள் 24 மணி நேரம் கேட்கின்றன. கடல் விமானம் தாழப் பறந்தாலும் அதையும் விமானமாகவே கணக்கில் கொள்ளுங்கள். இரண்டு தீவுகள் கொண்ட திட்டத்தில் இந்த இடைவெளி பயணத்தின் நடுவிலும் ஒரு முறை வரும் என்பதால், முக்குளிப்புகளை முன்பதிவு செய்யும்போதே தீவு மாறும் நாளையும் மையத்திடம் சொல்லிவிட வேண்டும்.