ஒரே கட்டிலுக்கு மூன்று விலை

2018 ஆடி மாசம், ஒரே வாரத்தில், ஒரே மாடல் தேக்குக் கட்டிலுக்கு மூன்று பில் போட்டேன். ஆறேகாலுக்கு அஞ்சு, தலைமாட்டில் சின்னதாக மயில் செதுக்கியது. சீட்டில் விலை 52,000. முதலில் வந்த புதுத் தம்பதி 44,200 கொடுத்தார்கள். துறையூரிலிருந்து மகளுக்குச் சீர் வாங்க வந்த அப்பா 42,000 கொடுத்து, கூடவே இரண்டு தலையணையும் வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக வந்த டீச்சரம்மா 38,500-க்கு முடித்தார். மூன்றும் ஒரே ஆசாரி செய்தது, ஒரே நாளில் வண்டியிலிருந்து இறங்கியது.

திருச்சியில் ஒரு ஃபர்னிச்சர் கடையின் பில் கவுண்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். பேரம் நடப்பது உள்ளே. முடிந்த விலை மட்டும் துண்டுச் சீட்டில் என் மேஜைக்கு வரும். சத்தம் போட்டுப் பேசியவர்களுக்குத்தான் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். துறையூர்க்காரர் பேசியது தெருவுக்கே கேட்டது. டீச்சரம்மா பேசியது பக்கத்தில் நின்ற சேல்ஸ் தம்பிக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்; அவன் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

முதலில் ஆடித் தள்ளுபடிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் சீர்வரிசை வியாபாரமும் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கு இறக்கிய சரக்கு கடையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஆடியில் பேசினால் படியும் என்பது உண்மைதான். ஆனால் வாசலில் கட்டின ‘15% தள்ளுபடி’ பேனரை நம்பிப் போகாதீர்கள். அந்தக் கட்டிலின் விலை ஆனி மாசம் வரை 44,500. ஆனி கடைசி வாரம் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு 52,000 என்று புதுச் சீட்டு எழுதிக் கட்டினது நான்தான். 52,000-இல் 15 சதவீதம் போனால் 44,200. அந்தத் தம்பதிக்கு உண்மையில் குறைந்தது 300 ரூபாய். ‘7,800 மிச்சம்’ என்று சந்தோஷமாகப் போனார்கள், எனக்குத்தான் அன்றைக்கு டீ இறங்கவில்லை. எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஆனியிலேயே ஒரு நடை போய், பிடித்த சாமானின் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் அந்தப் படத்தைக் காட்டிப் பேச்சை ஆரம்பித்தால் பேனரைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

சீட்டின் மூலையில் இரண்டு மூன்று எழுத்து கிறுக்கியிருந்தால் கவனியுங்கள். கொள்முதல் விலையை எழுத்தாக்கி எழுதும் பழக்கம் பல கடைகளில் உண்டு. பத்து எழுத்துச் சொல் ஒன்று வைத்திருப்பார்கள், ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். எங்கள் கடைச் சொல்லை இப்போதும் சொல்லமாட்டேன், அந்த உப்பைத் தின்றிருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க மெனக்கெடவும் வேண்டாம். அந்த எண்ணை நீங்களே போட்டுப் பார்க்க வேறு வழி இருக்கிறது.

டீச்சரம்மா அதைத்தான் செய்திருந்தார். பணம் கட்டும்போது பையிலிருந்து ஒரு பழைய பரீட்சைத் தாளை எடுத்தார். அதன் பின்பக்கம் முழுக்கக் கணக்கு. முந்தின வாரமே ஒரு மரவாடிக்குப் போய், நடுத்தர நாட்டுத் தேக்கு கன அடி என்ன விலை என்று கேட்டிருக்கிறார். 3,000 என்றார்களாம். மரக்கணக்கு கஷ்டமே இல்லை: நீளத்தை அடியில், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். கட்டிலின் பக்கச் சட்டம் ஆறேகால் அடி நீளம், ஆறு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். பெருக்கினால் 56.25, வகுத்தால் 0.39. இப்படிக் கால், சட்டம், தலைமாடு, கால்மாடு எல்லாம் கூட்டினால் மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அறுப்பிலும் இழைப்பிலும் போகிற கழிவையும் சேர்த்து நாலரை என்று போட்டிருந்தார். மரத்துக்கு 13,500, ஆசாரி கூலி 6,000, பாலிஷ் 3,000, மேலே போடும் பிளைவுட் 2,000. ஆக 24,500. அதற்கு மேல் கடை வாடகை, சம்பளம், லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி.

இந்தக் கணக்கைக் கடைக்காரர் முன்னால் விரிக்கவேண்டாம். விரித்தால் ‘அப்ப நீங்களே செஞ்சுக்கோங்கம்மா’ என்பார், பேச்சு அதோடு முறிந்துவிடும். எங்கே நிறுத்தவேண்டும் என்று உங்களுக்குத் தெரிவதற்குத்தான் அந்தக் கணக்கு. 52,000 என்றதும் பாதியாக 26,000 கேட்கிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். வரியைக் கழித்தால் கடைக்கு அசலே வராத விலை. அப்படிக் கேட்டால், இவர் வாங்க வரவில்லை என்று சேல்ஸ் தம்பி முடிவு கட்டிவிடுவான். அதற்கப்புறம் நீங்கள் என்ன கேட்டாலும் பதில் பாதிதான் வரும்.

போன உடனே ‘கடைசி விலை என்ன?’ என்றும் கேட்காதீர்கள். முதல் நிமிஷத்தில் சொல்கிற கடைசி விலை ஒருநாளும் கடைசி விலை இல்லை. முதலில் சாமானைப் பாருங்கள். கட்டிலுக்கு முகத்தைவிட அடிவயிறு முக்கியம். டீச்சரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, போன் டார்ச்சை அடித்துக் கீழே பார்த்தார். தேக்கில் நடுக்கட்டை வைரம்; பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதி சீக்கிரம் பூச்சி பிடிக்கும். அதை மறைக்க மேலே கலர் பாலிஷ் ஏற்றுவார்கள், அடியில் ஏற்றமாட்டார்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்த ஓட்டையும் அடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

அவர் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, ‘தம்பி, குறுக்கே போட்டிருக்கிற நாலு சட்டமும் தேக்குதானா?’ என்றார்.

தம்பி முழுத் தேக்கு என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தான். ‘அது... சப்போர்ட்டுக்குத்தானம்மா, வேற மரம்.’

‘சரிப்பா, பரவாயில்ல. வேற மரத்துக்கு வேற விலை போட்டுச் சொல்லு.’

அவ்வளவுதான். ஏமாற்றுக்காரன் என்று சொல்லவில்லை, சண்டை இல்லை. சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பேசாமல் இருப்பது நம்மில் பலருக்கு வராது. ஒரு விலை சொல்லி, அவர்கள் பதில் சொல்வதற்குள் நாமே ‘சரி, இன்னும் 500 சேர்த்து வச்சுக்கோங்க’ என்போம். அவர் வாயே திறக்கவில்லை. தம்பி மேனேஜரிடம் ஓடினான்.

ஓடத்தான் வேண்டும். எங்கள் கடையில் பேனர் தள்ளுபடிக்கு மேல் 1,000 ரூபாய் வரைதான் சேல்ஸ் ஆட்களுக்கு அதிகாரம். அதற்கு மேல் மேனேஜர், கடைசியாக முதலாளி. ‘முடியாதுங்க’ என்று தம்பி சொன்னால் பெரும்பாலும் தன்னால் முடியாது என்றுதான் அர்த்தம். அவனோடு மல்லுக்கட்டாமல், ‘முதலாளி எத்தனை மணிக்கு வருவார் தம்பி?’ என்று கேளுங்கள். ஞாயிறு சாயங்காலம் கேட்டுப் பிரயோஜனமில்லை, கூட்டத்தில் யாருக்கும் காது இருக்காது. செவ்வாய், புதன் மத்தியானம் மூன்று மணி நல்ல நேரம். காலையில் முதல் ஆளாகப் போனால் போணிக்காகக் குறைப்பார்கள் என்பதும் நிஜம். ஆனால் போணி நேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வெறுங்கையோடு திரும்பினால், நாள் முழுக்க நடக்கிற எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் திட்டுவார்கள்.

காபியா கலரா என்று கேட்டால் ஜாக்கிரதை. நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகுதான் எங்கள் கடையில் கலர் வரும். பெரும்பாலும் வீட்டம்மா டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைத் தடவிப் பார்த்திருப்பார், அல்லது பிள்ளை மெத்தையில் குதித்திருக்கும். வேறொன்றும் வேண்டாம்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீரோ என்றால் தகட்டின் கேஜ் கேளுங்கள். எண் கூடக்கூடத் தகடு மெல்லிசு, 20 கேஜைவிட 22 ஒல்லி. கதவின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் எவ்வளவு உள்வாங்குகிறது என்று கையே சொல்லிவிடும். சோபா என்றால் குஷன் ஜிப்பைத் திறந்து ஃபோமைப் பாருங்கள், 32 டென்சிட்டியா 40-ஆ என்று கேளுங்கள்; எண் கூடினால் அடர்த்தி கூடுதல். பிளைவுட் அலமாரி என்றால் இந்தியத் தர எண்ணைக் கேளுங்கள்: ஐஎஸ் 303 என்றால் பொது உபயோக ரகம், ஐஎஸ் 710 என்றால் தண்ணீருக்கே தாங்குகிற மெரைன் ரகம். 710 விலை சொல்லி 303 காட்டினால், பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

வட்டியில்லாத் தவணையில் வாங்குகிறீர்களா? ஜீரோ வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த வட்டி விலைக்குள்ளே எங்கோ ஒளிந்திருக்கும். ‘மொத்தமாக் கட்டிடறேன், தவணைக்கு நீங்க விடுறதை எனக்குக் குறைங்க’ என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குக் குறைத்து பில் போட்டிருக்கிறேன். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்பதைப் பேரத்தின் நடுவிலேயே கேட்டுவிடுங்கள். 38,000-க்குப் பேசி முடித்து, கவுண்டரில் 44,840 என்று கேட்டு முகம் வெளுத்தவர்கள் என் முன்னால் நிறைய நின்றிருக்கிறார்கள். ‘பில் வேண்டாம்னா வரி குறையும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வாங்கி ஆறு மாசத்தில் கட்டில் காலிலிருந்து மாவு கொட்டுகிறது என்று ஒரு பெரியவர் அந்த மாவைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். பில் இல்லை. எங்கள் சரக்கே இல்லை என்று மேனேஜர் சாதித்துவிட்டார். அது எங்கள் சரக்கு என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை.

விலை இனி நகராது என்று தெரிந்ததும் பணத்தை விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்: வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, மாடி ஏற்றுவது, பூட்டிக் கொடுப்பது. இரண்டாவது மாடி வீட்டு வாசலில் கட்டிலை இறக்கிவிட்டு ‘மாடிக்குத் தனிம்மா’ என்று ஆட்கள் நிற்கும்போது உங்களால் பேரம் பேச முடியாது. அத்தனையையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். டீச்சரம்மா என்னை எழுத வைத்தார், ‘மூணாவது மாடி, படி வழியா’ என்பது வரைக்கும்.

இவ்வளவும் தெரிந்த நான் போன வருஷம் காரைக்குடிக்குப் போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் விற்கிறார்கள் இல்லையா, அங்கே ஒரு பர்மாத் தேக்கு ஊஞ்சல் பலகை. பழைய சாமானுக்கு மரவாடிக் கணக்கு செல்லாது. கன அடி விலையும் கிடையாது, ஆசாரி கூலியும் கிடையாது. விரிசல், ஒட்டு, புதுசாகச் சேர்த்த துண்டு இதையெல்லாம் காட்டித்தான் குறைக்கவேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பேசாமல் இருந்து, 18,000 சொன்னதை 13,000-க்குக் கொண்டுவந்தேன். பெருமையாகப் பணத்தை எண்ணிக் கொடுத்து, வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினதும் கேட்டேன், ‘அண்ணே, சங்கிலி?’

‘சங்கிலி தனிம்மா,’ என்றார்.