சும்மா கிடக்கும் பசுமைக்குடிலைப் பாத்தி பாத்தியாக வாடகைக்கு விடுவது எப்படி?

பயன்பாட்டில் இல்லாத பெரிய பசுமைக்குடில் ஒன்று கைக்கு வந்ததும், பெரும்பாலோர் முதல் வேலையாக அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பாத்தி அளக்கப் போகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். திறந்தவெளி நிலத்தைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் அவரவர் துண்டு அவரவர் பாடு. குடிலுக்குள் அப்படி இருக்க முடியாது. மண்ணைத்தான் பிரிக்கலாம். காற்று, வெப்பம், ஈரம், பூச்சி எல்லாம் எல்லோருக்கும் பொது. இப்படி ஒரு குடிலை நடத்துகிறவன் என்ற முறையில் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பொதுவானதை முதலில் சரிசெய்யுங்கள், பாத்தி கடைசியில்.

கூரையும் கால்களும்

குழாய்ச் சட்டம் என்றால் தூண் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். துரு அங்கேதான் தின்னும். மேல்மண்ணை விரற்கடை அளவு தோண்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அந்தத் தூணை மாற்ற வேண்டும். மேல்துரு மட்டும் உதிர்ந்தால் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதும்.

மூடுபொருளைப் பொறுத்துச் செலவு மாறும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் உறை மூன்று, நான்கு ஆண்டுகள் வரும். கைவிட்ட குடிலில் அது கை பட்டாலே கிழியும் நிலையில் இருக்கும். கண்ணாடிக் கூரை என்றால் நடைபாதைக்கு நேர் மேலே உள்ள கண்ணாடிகளை மட்டுமாவது எடுத்துவிட்டு, சிதறி விழாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடுகளைப் போடுங்கள். தொழிலுக்கு வரும் ஆட்களுக்கு மேலே பார்த்து நடக்கும் பழக்கம் உண்டு. வாடகைக்கு வருபவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கீழே விழுந்து மண்ணில் புதைந்திருக்கும் கண்ணாடித் துண்டுகளையும் மண்ணைச் சலித்து எடுத்துவிட வேண்டும்.

மிகப் பழைய குடிலில் வெந்நீர்க் குழாய்களைச் சுற்றிய உறையிலும் சிமென்ட் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இரண்டையும் நீங்களே சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். பரிசோதித்து அகற்றத் தெரிந்தவர்களை அழையுங்கள். மின்சாரமும் அப்படித்தான்: ஈரமான இடம், பல பேர் கை படும் இடம், ஆகவே பழைய வயரிங்கை நம்பாமல் புதிதாக இழுத்து 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர் போடுங்கள்.

காற்றோட்டத்துக்கு மனசு வைத்துச் செலவழியுங்கள். தரைப் பரப்பில் 15 முதல் 20 சதவீதம் அளவுக்காவது திறப்புகள் வேண்டும். அதில் கணிசமான பகுதி கூரை உச்சியில் இருக்க வேண்டும், ஏனென்றால் சூடான காற்று போக விரும்பும் வழி அதுதான். பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளி பூக்கும், காய் பிடிக்காது. பழைய ஜன்னல் பற்சக்கரங்கள் பெரும்பாலும் செத்துப்போயிருக்காது, இறுகியிருக்கும். துருவை நீக்கிக் கிரீஸ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சிறு ஜன்னல்களுக்கு மெழுகு உருளைத் திறப்பான் நல்லது. வெப்பத்தில் மெழுகு விரிந்து தண்டைத் தள்ள ஜன்னல் திறக்கும், குளிர்ந்தால் மூடும். மின்சாரம் வேண்டாம், "இன்று யார் முறை?" என்ற கேள்வியும் வேண்டாம்.

மண்: அவசரப்படாதீர்கள்

குடில் மண்ணுக்கு இரண்டு வியாதிகள் வரும். ஒன்று உப்பு. மழை படாத மண்ணில் ஆண்டுக்கணக்கில் போட்ட உரத்தின் மிச்சம் கீழே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். மண் பரிசோதனையில் மின்கடத்துத்திறனைக் கேளுங்கள்; உப்பு கூடினால் அதுவும் கூடும். மண்ணைத் தண்ணீரில் குழைத்து எடுக்கும் சாற்றில் அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸை (அறிக்கையில் dS/m) தாண்டினால் உவர் மண். பீன்ஸ் மாதிரி மென்மையான பயிர்கள் அதற்கு வெகு முன்பே வாடத் தொடங்கும். வடிகால் சரியாக இருந்தால் தண்ணீர்விட்டுக் கழுவிவிடலாம்: சதுர மீட்டருக்குச் சுமார் 150 லிட்டர் நிதானமாக இறங்கினால் மேல் ஓரடி மண்ணின் உப்பு ஏறக்குறைய பாதியாகும். அதே பரிசோதனையில் ஈயம், காட்மியம், பழைய பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை வரம்பு மீறி இருந்தால் அந்த மண்ணில் சாப்பிடும் பயிர் வைக்கவே கூடாது. அடியில் தடுப்பு விரித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேடைப் பாத்தி கட்டுங்கள்.

இன்னொன்று வேர்முடிச்சு நூற்புழு: வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. பழைய பயிரோ களையோ எது நின்றாலும் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். புழு இருந்தால் வேர் அங்கங்கே மணி மணியாக வீங்கியிருக்கும். அவரை இனச் செடி என்றால் குழப்பம் வரும். அவற்றின் வேரில் இயல்பாகவே முடிச்சுகள் உண்டு. அவற்றை விரலால் தேய்த்தால் கழன்று வந்துவிடும். நூற்புழுவின் வீக்கம் கழலாது, வேரே பருத்திருக்கும். செடியே இல்லாத குடிலில் பல இடங்களிலிருந்து மண் எடுத்துத் தொட்டிகளில் போட்டு வெள்ளரி நடுங்கள். ஐந்தாறு வாரத்தில் பிடுங்கினால் வேர் பதில் சொல்லிவிடும்.

புழு இருந்தால், வெயில் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் மண்ணை நன்றாக நனைத்து, மெல்லிய ஒளிபுகும் பாலித்தீனை ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, குடிலையும் அடைத்து நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். முற்றாக அழியாது, ஆனால் நன்றாகக் குறையும். ஆட்கள் வந்துவிட்ட பிறகு இதைச் செய்ய முடியாது. அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

இனி பாத்தி

பிரிட்டனில் வாடகைத் தோட்டத்தின் வழக்கமான முழு அளவு சுமார் 250 சதுர மீட்டர். அதைப் பார்த்துக் குடிலுக்குள் பெரிய பெரிய துண்டுகளாகப் போடாதீர்கள். உள்ளே வளர்ச்சி வேகம் அதிகம், வேலையும் அதிகம். 1.2 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அந்த அகலம் என்றால் இரு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டும், யாரும் மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. தனி ஆளுக்கு அதில் பாதி. பாத்திகளுக்கிடையே 60 சென்டிமீட்டர், நடுப்பாதைக்கு 1.2 மீட்டர். கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பாத்திகளை இடுப்புயர மேடையாகக் கட்டி, சுற்றிலும் 90 சென்டிமீட்டர் விட்டால் சக்கர நாற்காலியில் வருபவரும் முட்டி வலிக்காரரும் பயிர் செய்யலாம். பாதை, நாற்று மேசை, கருவி அலமாரி எல்லாம் போக, 1,000 சதுர மீட்டர் குடிலில் பாதிதான் பாத்தியாகும்: ஏறக்குறைய 70 முழுப் பாத்திகள். உரக்குழியை வெளியே வையுங்கள். நோய்ச்செடிக் குப்பை கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது.

கொடிகளைச் சட்டத்தில் கட்ட விடாதீர்கள். காய்த்து நிற்கும் தக்காளிக்கும் வெள்ளரிக்கும் சதுர மீட்டருக்கு 15 கிலோ பாரம் என்று கணக்கு வைப்பார்கள். பழைய சட்டத்துக்கு அது வேண்டாத சுமை. பாத்திக்குப் பாத்தி தனிக் கம்பு நடுங்கள்.

தண்ணீருக்குச் சொட்டுநீர்க் குழாய், பாத்திக்கு ஒரு வால்வு. கூரை மழைநீரையும் விடாதீர்கள்: 1,000 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். தொட்டியை இருட்டாக மூடுங்கள், பாசி பிடிக்காது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

யாரும் தனியாக மருந்து அடிக்கக் கூடாது என்பதே முதல் விதி. காரணத்தை ஆட்களுக்குக் கண்ணால் காட்டுங்கள். வெள்ளை ஈ பிடித்த இலையைத் திருப்பினால் வெளிறிய சின்னச் செதில்கள் ஒட்டியிருக்கும்; அவை ஈயின் குஞ்சுகள். அவற்றில் சில கறுத்திருந்தால் சந்தோஷப்படுங்கள்: உள்ளே என்கார்சியா ஃபார்மோசா என்ற குட்டிக் குளவி அந்தக் குஞ்சைத் தின்று வளர்கிறது. 1920களிலிருந்தே பசுமைக்குடில்களில் இதை வளர்த்து விடுகிறார்கள். ஒருவர் ஆத்திரத்தில் அடிக்கும் மருந்து, குடில் முழுவதுக்கும் காவலாக இருக்கும் குளவியைக் கொன்றுவிடும். அதனால் பூச்சியைப் பார்த்தவர் அன்றே பலகையில் எழுத வேண்டும். என்ன செய்வதென்று ஒருவர் மட்டும் முடிவெடுக்கட்டும். மஞ்சள் ஒட்டு அட்டைகளை எல்லாப் பாத்தியிலும் தொங்கவிடுங்கள். வெளியிலிருந்து நாற்று கொண்டுவருவதைத் தடுத்து, பொது நாற்று மேசையிலிருந்தே கொடுங்கள். பூச்சி பெரும்பாலும் நாற்றோடுதான் வருகிறது.

அப்புறம், இரண்டு வாரம் வராமல் பாத்தியைக் காடாக விட்டால் நிர்வாகம் நோய்ச்செடியைப் பிடுங்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உயரப் பயிர் பக்கத்துப் பாத்தியின் வெயிலை மறைக்கக் கூடாது. ஜன்னல், குழாய், பெருக்குவது இவற்றுக்கு முறைப்பட்டியல் வேண்டும்.

மகரந்தச் சேர்க்கையையும் சொல்லிக்கொடுங்கள். உள்ளே காற்றாட்டம் கிடையாது, தேனீயும் குறைவு. எங்கள் குடிலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முற்பகலில் தக்காளிப் பூங்கொத்துகளை விரலால் மெல்லச் சுண்டிக்கொண்டே போவார். நகத்தில் வெளிர்மஞ்சள் தூள் படியும். தன் பாத்தி முடிந்ததும் அடுத்தவர் பாத்திக்கும் சுண்டிவிடுவார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பூசணி, சுரைக்கு ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொடவைக்க வேண்டும்.

வாடகைக் கணக்கு

தண்ணீர், மின்சாரம், காப்பீடு, பழுதுபார்ப்பு, மேற்பார்வையாளர் சம்பளம், இவற்றோடு கூரைக்கான சேமிப்பையும் சேருங்கள்: உறை நாலு ஆண்டு வரும் என்றால் அதன் விலையில் கால்பங்கு ஆண்டுதோறும். கூட்டியதை எல்லாப் பாத்திகளாலும் வகுக்காதீர்கள். பத்தில் எட்டு நிரம்பும் என்று வைத்து வகுங்கள். வாடகையை ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவதைவிடப் பருவத்துக்கு ஒருமுறை வாங்குவது வருபவர்களுக்கு எளிது. முன்பணம் சின்னதாக இருக்கட்டும், பாத்தியைச் சுத்தமாக ஒப்படைத்ததும் திருப்பிக் கொடுங்கள்.

முதல் ஆண்டு மூன்றில் ஒரு பங்கை மட்டும் திறங்கள், பெயர் கொடுத்த மற்றவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். ஒரு கடும் வெயில் பருவமும் ஒரு குளிர்ப் பருவமும் கடந்து, ஜன்னலும் தண்ணீரும் முறைப்பட்டியலும் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த பங்கைத் திறக்கலாம்.