இணையம் இல்லாமல் இரண்டு கார்களுக்கு இடையே செய்தி அனுப்புவது எப்படி?

காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு இரண்டு கார்களில் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் கிளம்பினால், முன்னே போகும் கார் எங்கே திரும்பியது, எங்கே நிற்கிறது என்று வழியெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். ஓட்டுபவர் கைபேசியைக் கையில் எடுத்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், இங்கே சொல்லப்படும் வேலை முழுவதும் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு உரியது.

காருக்கு ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியும் ஒரு சார்ஜரும் போதும். இரண்டிலும் பிரையர் (Briar) என்ற இலவசச் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். ஒரே வைஃபை வலையமைப்பில் உள்ள கைபேசிகளுக்கு இடையே, இணையத்தின் உதவியின்றி நேரடியாக எழுத்துச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் செயலி அது.

வீட்டிலேயே இரண்டு கைபேசிகளையும் அருகருகே வைத்து, ‘அருகிலுள்ள தொடர்பைச் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் கியூஆர் குறியீட்டை மற்றொன்றால் என இரண்டிலும் மாறி மாறி ஸ்கேன் செய்யுங்கள். அடுத்து, முன் காரின் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸைவிட அது பொதுவாகக் கூடுதல் தூரம் எட்டும். யாரும் இணையாதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணையும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் டீக்கடையில் நின்றுவிட்டு வருவதற்குள் தொடர்பு போயிருக்கும். பின் காரின் கைபேசி அந்த ஹாட்ஸ்பாட்டில் இணையும்போது ‘இணையம் இல்லை’ என்று எச்சரித்தால், ‘இணைப்பில் தொடர்க’ என்று கொடுக்க வேண்டும். இப்போது இரண்டிலும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். அது போய்ச் சேர்ந்தால், இணையத்தைத் தொடாமல் நேராகப் போயிருக்கிறது என்று பொருள்.

பலரும் கோட்டைவிடுவது கைபேசியை வைக்கும் இடத்தில்தான். காரின் உலோக உடல் அலைகளைத் தடுக்கும், கண்ணாடி பெருமளவு வழிவிடும். எனவே முன் காரின் கைபேசி பின்பக்கக் கண்ணாடியை ஒட்டியும், பின் காரின் கைபேசி முன்பக்கக் கண்ணாடிக்கு அருகிலும், ஒன்றை ஒன்று பார்ப்பதுபோல் இருக்க வேண்டும். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் தூரம் வெகுவாகக் குறையும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பின்கண்ணாடியோரம் கிடக்கும் கைபேசி கொதித்துத் தானே அணைந்துவிடக்கூடும் என்பதால், அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிடுங்கள். காய்ந்த துணி அலைகளைத் தடுப்பதில்லை.

எவ்வளவு தூரம் எட்டும் என்பதைப் புறப்படுமுன் அளந்துகொள்வது நல்லது. கானாடுகாத்தானில் இருப்பதுபோன்ற நீண்ட நேர்த்தெரு ஒன்றில், நடமாட்டம் குறைந்த வேளையில் ஒரு காரை நிறுத்திவிட்டு, மற்றதை மெல்ல விலகிப் போகச் சொல்லி, ஒவ்வொரு மின்கம்பத்தின் அருகிலும் ஒரு செய்தி அனுப்புங்கள். பெயருக்குப் பக்கத்தில் தெரியும் பச்சை வட்டத்தை நம்ப வேண்டாம், தொடர்பு அறுந்த பிறகும் சிறிது நேரம் அது எரியலாம். செய்திக்குக் கீழே இரட்டை டிக் விழுகிறதா என்பதையே பாருங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர். நீங்கள் அளந்த தூரம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் சாலையில் பயன்படும். நடுவில் ஒரு பேருந்து புகுந்தாலோ வளைவில் மறைந்தாலோ தொடர்பு அறுபடும், ஆனால் அனுப்பிய செய்தி காத்திருந்து மீண்டும் இணைந்ததும் சேர்ந்துவிடும்.

இதே காரணத்தால், ‘பிரேக் போடுகிறேன்’ என்று எச்சரிக்க இந்த ஏற்பாடு உதவாது. வாகனங்களுக்கென்றே 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 802.11p என்ற வைஃபை தரம் 2010இல் வந்தது. அதில் ஹாட்ஸ்பாட்டில் இணைவது என்ற கட்டமே இல்லாமல் கார்கள் தம் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பத்து முறை வரை அறிவிக்க முடியும். நம் கைபேசியோ முதலில் இணைந்து, வலையமைப்பு முகவரி பெற்று, பிறகுதான் பேசத் தொடங்கும், அதற்கே சில நொடிகள் ஆகும். ‘குன்றக்குடியில் காத்திருக்கிறோம், ஆச்சிக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதற்கு அது போதும்.

மூன்று கார்கள் போனால் ஹாட்ஸ்பாட்டை நடுக் காரில் வையுங்கள், செயலியில் குழுவைத் தொடங்குபவரும் அந்தக் காரிலேயே இருக்கட்டும்; முன்னும் பின்னும் உள்ளவர்களின் செய்திகள் அவர் கைபேசி வழியாகவே பரிமாறப்படும்.