கர்ப்ப காலத்தில் குடல் பரிசோதனை: எதைக் கேட்க வேண்டும், எப்போது செய்யலாம்

மாசமாக இருக்கும்போது மலத்தில் ரத்தம் பட்டால், "குழாய் விட்டுப் பார்ப்பார்கள், குழந்தைக்கு ஆகாது" என்று பயந்து வெளியே சொல்லாத பெண்கள் நிறைய. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். மலத்தில் ரத்தம் வரக் காரணமாகக்கூடிய குடல் அழற்சி நோயை (குடலின் உட்புறம் வீங்கிப் புண்ணாவது) கவனிக்காமல் விட்டால்தான் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்துகள் கூடும்.

முதலில் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: ரத்தத்தின் நிறம், மலத்தோடு கலந்திருக்கிறதா அல்லது சொட்டுகிறதா, நாளைக்கு எத்தனை தடவை போகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் மூலம் சகஜம்தான், ஆனால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து ரத்தம், மலம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இவற்றால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவு கர்ப்பத்தில் தானாகவே ஏறிவிடும் என்பதால், குடல் அழற்சியைக் கண்டுபிடிக்க மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு அதிகம் உதவும். படம் தேவையென்றால், காடோலினியம் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போடாத எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதில் கதிர்வீச்சு இல்லை.

சரி, குழாய் விட்டே பார்க்க வேண்டும் என்றால்? "முழுக் கொலனாஸ்கோபி வேண்டுமா, சிக்மாய்டோஸ்கோபி போதுமா?" இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். கொலனாஸ்கோபியில் கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். சிக்மாய்டோஸ்கோபியில் பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது, தண்ணீர் எனிமாவே போதும். முழுப் பரிசோதனைதான் வேண்டும், ஆனால் காத்திருக்கலாம் என்றால் நாலாம் மாதத்துக்குப் பிறகு, ஆறாம் மாதத்துக்குள் செய்வது நல்லது. நிற்காத ரத்தப்போக்கு, புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் மாதக் கணக்குப் பார்த்துத் தள்ளிப் போடக் கூடாது.

குடலைச் சுத்தம் செய்ய மருத்துவர் தரும் மருந்தை மட்டும் குடியுங்கள். சோடியம் பாஸ்பேட் உள்ளதைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது, உடலின் உப்பும் நீரும் நிலை குலையும்.

பரிசோதனை மேசையில் மல்லாந்து படுக்காதீர்கள். வளர்ந்த கருப்பை பின்னாலிருக்கும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். உங்கள் ரத்த அழுத்தம் இறங்கி, குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து தருவதென்றால் குறைந்த அளவே தர வேண்டும். மகப்பேறு மருத்துவருக்கும் முன்கூட்டியே தகவல் போயிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு வயிறு இறுகி இறுகி விடுவது, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.